தொட்டில் கொக்கியில் லிப்ஸ்டிக் செடி

போன வாரம் கீழ் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த பெண்மணி அறிமுகம் செய்துகொள்ள மாடிக்கு வந்தார். வந்தவர் என்னைப் பார்க்கவில்லை. ஹால் ஜன்னலோரம் தொங்கிய செடியைத்தான் பார்த்தார். நேராகப் போய் ஒரு இலையில் நகத்தால் ஒரு கிள்ளு!

"அய்யய்யோ... நெஜச் செடிங்களா? பிளாஸ்டிக்னு நெனச்சிட்டேங்க!"

கோபம் வரவேண்டும் இல்லையா? எனக்கு வரவில்லை. பெருமையாக இருந்தது. பிளாஸ்டிக் என்று ஒருவர் சந்தேகப்படும் அளவுக்கு ஒரு செடியைப் பளபளப்பாக வைத்திருக்கிறேனே!

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும் — செடி விஷயத்தில் நான் அடக்கம் எல்லாம் காட்டுவதில்லை. எனக்கு அது நன்றாக வரும். வருவதை வரும் என்று சொல்வதில் என்ன தப்பு?

செடியின் பெயர் லிப்ஸ்டிக் செடி. சிரிக்காதீர்கள்... நர்சரியில் அப்படிக் கேட்டால்தான் எடுத்துத் தருவார்கள். எண்ணெய் தடவித் துடைத்தது மாதிரி மினுங்கும் தடித்த இலைகள். கொடி மேலே ஏறாது. தொட்டியின் விளிம்பைத் தாண்டிக் கீழே வழியும். வழிகிற கொடியின் நுனியில் கரும்பழுப்பாகச் சின்னக் குழல்கள் வரும். குழலுக்குள்ளிருந்து ரத்தச் சிவப்பில் பூ மெல்ல மெல்ல வெளியே தள்ளும். மூடியைக் கழற்றி லிப்ஸ்டிக்கைத் திருகினால் வருமே... அச்சு அசல் அதேதான்.

மழைக்காட்டுச் செடி இது. அங்கே தரையில் வளராது. பெரிய மரங்களின் கிளைகளில் தொற்றிக்கொண்டு, இலை மக்கிய தூளையும் மழை ஈரத்தையும் வைத்தே பிழைத்துக்கொள்ளும். அதை விழுப்புரம் வெயிலில் வளர்க்க முடியுமா என்று கேட்டு நிறையப் பேர் எழுதுகிறீர்கள்.

முடியும். வீட்டுக்குள்ளேயே முடியும். ஜன்னல் வெளிச்சம் நிறைய வேண்டும், மதிய வெயில் மேலே படக்கூடாது. தோட்டத்து மண்ணைக் கொட்டி நிரப்பாதீர்கள். தேங்காய் மட்டைத் துண்டு, கரித்துண்டு, கொஞ்சம் மண்புழு உரம்... போதும். பெரிய தொட்டி வேண்டாம். வேர் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தால்தான் இதற்குப் பூக்கத் தோன்றும். முக்கியமாக — மேல்பக்கம் காய்ந்த பிறகுதான் தண்ணீர்.

இந்தக் கடைசி விஷயத்தை என் தங்கை எஸ்தரிடம் எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! கேட்டால்தானே?

எஸ்தர் இருப்பது திண்டிவனத்தில். அவள் வீட்டுக்காரர் ஞானசேகர், அங்கே ஒரு பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். ஊருக்கே 'பி.டி. சார்'. ஆள் ஒல்லி. ஆனால் குரல்? மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று "டேய்!" என்றால், அந்தக் கோடியில் ஓடுகிறவன் நிற்பான், பக்கத்துத் தெருவில் சைக்கிளில் போகிறவனும் ஒரு கால் ஊன்றித் திரும்பிப் பார்ப்பான். அப்படி ஒரு குரல்.

அந்தக் குரலுக்குத்தான் கேடு வந்தது. வருஷக்கணக்காகக் கத்தியதில் குரல்நாணில் கட்டி. பயப்படுகிற மாதிரி கட்டி இல்லை என்றார் டாக்டர். பாண்டிச்சேரியில் ஆபரேஷன் நடந்தது. நல்லபடியாகத்தான் முடிந்தது. கொஞ்ச நாள் பேசாமல் இருங்கள், அப்புறம் குரல் பயிற்சிக்கு வாருங்கள், மெதுவாகத் தேறும் என்று சொல்லி அனுப்பினார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் நான் அவர்களுக்கு லிப்ஸ்டிக் செடியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வீட்டுக்குள்ளேயே கிடக்கிற மனிதருக்குக் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்கட்டுமே என்று. கொடிகள் நன்றாக நீண்டு வளர்ந்த தொட்டி. படுக்கையறை ஜன்னல் பக்கத்தில், மகள் நான்சி கைக்குழந்தையாக இருந்தபோது தொட்டில் கட்டிய கொக்கி சும்மாதான் இருந்தது. அதில் மாட்டினேன்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஞானசேகர் வேலைக்குப் போனார். காலை அசெம்பிளியில் "அட்டென்ஷன்!" என்றாராம். வந்த குரல் அவருடையது இல்லை. மெல்லியதாக, கீச்சென்று, பாதியிலேயே காற்றாகப் போயிற்றாம். முன்வரிசையில் ஒருவன் களுக்கென்று சிரித்திருக்கிறான். ஒரு வரிசை சிரித்தது. அப்புறம் பள்ளியே சிரித்தது. பிள்ளைகள்தானே... சிரித்திருப்பார்கள்.

மனிதர் அன்றைக்கு மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். மெடிக்கல் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு அறைக்குள் உட்கார்ந்தவர்தான். அதற்குப் பிறகு ஒருவரிடமும் ஒரு வார்த்தை பேசவில்லை. பெண்டாட்டியிடமும் இல்லை. பெற்ற பெண்ணிடமும் இல்லை. பயிற்சிக்கும் போகவில்லை.

எஸ்தர் போனில் அழுதாள்.

"விசில வெச்சிக்கினு கூப்புடறாருக்கா! காப்பி வேணும்னா ஒரு ஊது, சோறு வேணும்னா ரெண்டு ஊது... நான் என்னா நாலாங்கிளாஸ் புள்ளையா? பக்கத்து ஊட்ல எல்லாம் கேக்கறாங்க. ஒரே பேஜாரா இருக்குது!"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். ஏனென்றால் அடுத்த வாக்கியத்தில் அவள் சொன்னது சிரிக்கிற விஷயமில்லை.

"பேசவே மாட்டாரோன்னு பயமா இருக்குதுக்கா. என் பேர சொல்லிக் கூப்ட்டு எவ்ளோ நாளாச்சி..."

நான் பஸ் ஏறிப் போனேன். ஞானசேகர் வேகவைத்த மல்லாட்டையை — வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் — ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, உரித்து வாயில் போட்டபடியே கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். தலையசைத்தார். அவ்வளவுதான். நான் பேசினேன், பேசினேன்... சுவரிடம் பேசியது மாதிரி இருந்தது.

செடி அதைவிட மோசம். இலையெல்லாம் மஞ்சள். எஸ்தர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றியிருக்கிறாள். பாசம்! வேர் அழுகத் தொடங்கியிருந்தது. நான் தொட்டியைக் கவிழ்த்து, அழுகியதை வெட்டி, புது மட்டைத் துண்டு போட்டு நட்டேன். ஞானசேகர் பக்கத்தில் வந்து நின்று பார்த்தார். கரித்துண்டை எடுத்து எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்ன செய்ய வேண்டும் என்று அவரிடம்தான் சொன்னேன். கேட்கிற மனிதர் அந்த வீட்டில் அவர் ஒருவர்தானே!

அதற்கடுத்த வாரம் எஸ்தரிடமிருந்து ஒரு புதுப் புகார்.

"செடி கிட்ட சொம்போட போனாலே விசில் அடிக்கறாருக்கா! மேட்ச்ல ஃபவுல் ஆனா ஊதுவாங்களே, அப்படி ஊதறாரு. நான் தொடவே கூடாதாம்!"

எனக்கு அப்போதே நம்பிக்கை வந்துவிட்டது. செடியைப் பற்றி மட்டும் இல்லை.

அவரே பார்த்துக்கொண்டார். விரலை விட்டு ஈரம் பார்த்துத் தண்ணீர். ஈரத்துணியால் இலைகளைத் துடைப்பது. திண்டிவனத்து ஹைவே தூசி உங்களுக்குத் தெரியாததா? ஜன்னலில் ஒரு பழைய நெட் துணியைக் கட்டி வெயிலை வடிகட்டினார். ஆடி போய், காற்றில் சூடு இறங்கி, மழை எட்டிப் பார்த்த சமயம்... ஒருநாள் என் வாட்ஸப்பில் ஒரு போட்டோ. வார்த்தை ஏதும் இல்லை. கொடி நுனியில், கடுகுக்குக் கொஞ்சம் பெரிதாக, கொத்தாகக் கரும்பழுப்பு மொட்டுகள்!

நான் பதிலுக்குப் போன் செய்தேன். எடுத்தார். மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. "சூப்பர் தம்பி! மொட்டு விட்டா இடம் மாத்தாதீங்க, திருப்பி வைக்காதீங்க, கொட்டிடும்" என்று நானே பேசிவிட்டு வைத்தேன்.

இந்த நேரத்தில்தான் நான்சிக்கு ஒரு வரன் வந்தது.

நான்சி திண்டிவனத்திலேயே ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறாள். பையன் வீடு கண்டமங்கலம். சர்ச் மூலமாகத் தெரிந்த குடும்பம். பையனுக்கும் அவன் அப்பாவுக்கும் பாண்டிச்சேரியில் கம்பெனி வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பெண் பார்க்க வருகிறோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

எஸ்தருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "பொண்ணோட அப்பா வாயே தொறக்கலைன்னா இன்னா நெனப்பாங்க? மனசு சரியில்லாதவருன்னு நெனக்க மாட்டாங்களா?" என்று என்னை வரச் சொன்னாள்.

போனேன். ஞானசேகர் வெள்ளைச் சட்டை, வேட்டியோடு தயாராகத்தான் இருந்தார். ஆனால் வாசலில் கார் வந்து நின்ற சத்தம் கேட்டதும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மழையில் ஊறிய கதவு... முழுசாகச் சாத்தாது. ஒரு சாண் திறந்தே நின்றது.

பையனின் அம்மா ரோஸ்மேரி வாட்டசாட்டமான பெண்மணி. உட்கார்ந்ததுமே கேட்டார்: "எங்கங்க பொண்ணோட அப்பா?"

"அவருங்களா... ஸ்போர்ட்ஸ் மீட்டுங்க. அவசரமா திருச்சி போயிருக்காரு" என்றாள் எஸ்தர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நான் கேசரித் தட்டைப் பார்த்தேன்.

நான்சி வந்தாள், வணக்கம் சொன்னாள், உட்கார்ந்தாள். எல்லாம் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. கேசரி சாப்பிட்ட ரோஸ்மேரி கை கழுவ எழுந்தார். எஸ்தர் வழிகாட்ட எழுவதற்குள் அவரே உள்பக்கம் நடந்துவிட்டார். போகிற வழியில்தான் அந்த அறை. ஒரு சாண் இடைவெளி. அதற்குள் தெரிந்தது ஜன்னல் வெளிச்சத்தில் தகதகவென்று சிவப்பு. மொட்டுகளில் பாதி அன்றைக்குப் பூவாகியிருந்தது.

"யப்பா... இன்னா அழகு! ஒரு கிள கிள்ளிக்கறேங்க, ஊட்ல வெச்சிக்கறேன்" என்று குரல் கொடுத்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனார். இருப்பதிலேயே நீளமான கொடியின் நுனியை, மொட்டோடு, இரண்டு விரலால் பிடித்தார்.

"வாணாங்க! கிள்ளாதீங்க!"

ஹாலில் இருந்த எங்கள் எல்லோருக்கும் கேட்டது. மெல்லிய குரல். நூல் நூலாகப் பிரிந்த குரல். எஸ்தர் கையிலிருந்த டம்ளர் நழுவி, காபி புடவையெல்லாம் கொட்டியது. அவள் அதைக் கவனிக்கவே இல்லை.

உள்ளே ரோஸ்மேரியின் குரல்: "யாருங்க நீங்க?"

மறுபடியும் அதே மெல்லிய குரல்:

"பொண்ணோட அப்பாங்க."

ரோஸ்மேரி வெளியே வந்தார். நாற்காலியில் உட்கார்ந்தார். கணவர் பக்கம் திரும்பி, முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் சொன்னார்:

"திருச்சி போனவரு வந்துட்டாருங்க."

பூமி பிளந்து எங்களை விழுங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பிளக்கவில்லை. நான்சி தலையைக் குனிந்துகொண்டாள். நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று வாயைத் திறந்தேன். அதற்குள் ஞானசேகர் அறை வாசலில் வந்து நின்றார். வேட்டி நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்க" என்றார். தொண்டையைச் செருமிக்கொண்டார். "ஆபரேஷனுக்கு அப்புறம் கொரல் இப்படி ஆயிடிச்சி. ஸ்கூல்ல பசங்க சிரிச்சாங்க. நீங்களும் சிரிச்சிட்டா... எம் பொண்ணு எதிர்ல அத தாங்க முடியாதுன்னு உள்ள உக்காந்துகினேன். என் ஊட்டுக்காரம்மா எனக்காகத்தான் பொய் சொன்னாங்க. எம் பொண்ணு மேல ஒண்ணும் தப்பில்லீங்க."

நடுநடுவே குரல் காணாமல் போயிற்று. நிறுத்தி, மூச்சு வாங்கி, விட்ட இடத்திலிருந்து மறுபடியும் சொன்னார். ஒரு வார்த்தையைக்கூட விடவில்லை. அத்தனை மாதம் வாயே திறக்காத மனிதர்!

நான்சி எழுந்து போய் அப்பாவின் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

பையனின் அப்பா அதுவரை ஒன்றும் பேசாமல் இருந்தவர், காதில் கையை வைத்தார். "மிஷின் சத்தத்துல எனக்குக் காது பாதி அவுட்டுங்க. நீங்க பேசனது பாதிதான் கேட்டுச்சி. கிட்ட வந்து உக்காருங்க, பேசலாம்."

ரோஸ்மேரி மட்டும் விடவில்லை. "அது கெடக்கட்டும். ஏன் கிள்ளக் கூடாதுன்றீங்க? அத சொல்லுங்க மொதல்ல."

அவ்வளவுதான்... பி.டி. சார் வந்துவிட்டார்!

"வாங்க, காட்றேன்" என்று அறைக்குள் கூட்டிப்போனார். கொடியின் நுனியில்தான் பூ வரும், நுனியைக் கிள்ளினால் பூவே போச்சு. பூத்து ஓய்ந்த பிறகு வெட்டினால் செடிக்கும் நல்லது, வெட்டிய துண்டும் வேர் பிடிக்கும். எப்போது தண்ணீர், எவ்வளவு வெளிச்சம்... வகுப்பே எடுத்தார். ரோஸ்மேரி குறுக்குக் கேள்வி கேட்டார். அவர் கணவர் காதைக் கிட்டே கொண்டுபோய்க் கேட்டார். எஸ்தர் காபிக் கறையோடு கதவோரம் நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். நானும் உள்ளே போய்விட்டேன். என் செடியாயிற்றே!

ஹாலில் மிச்சம் இருந்தது இரண்டே பேர். நான்சியும் பையனும். பெரியவர்கள் பக்கத்தில் இல்லாததால் இரண்டு பேரும் மனம் விட்டுப் பேசியிருக்கிறார்கள். அப்படிப் பேசியதில் ஒரு விஷயம் வெளியே வந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான்சி வேலைக்குப் போகக் கூடாது. அவனுக்கு அதில் இரண்டாவது பேச்சே கிடையாது.

அவர்கள் கிளம்பிப் போனதும் நான்சி சொல்லிவிட்டாள்: "நல்லவருதான்ப்பா. ஆனா எனக்கு வேணாம்."

எஸ்தர் இடிந்துபோய் உட்கார்ந்தாள். "எவ்ளோ நல்ல மனுஷங்க! பொய் சொன்னத கூடப் பெருசா எடுத்துக்கல. அவங்ககிட்ட போயி யாரு வேணாம்னு சொல்றது?"

சர்ச்சில் யார் மூலமாகவாவது சொல்லி அனுப்பலாம் என்றேன் நான். அதுதானே வழக்கம்? கசப்பான சேதிக்கு நடுவில் ஒரு ஆள் இருந்தால் நமக்கு வசதி.

ஞானசேகர் தலையை ஆட்டினார். "நேர்ல வந்தவங்களுக்கு நேரா சொல்றதுதான் மரியாத. நானே பேசறேன்."

மறுநாள் சாயங்காலம் போனில் பேசினார். நானும் கூடவே இருந்தேன். ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாக எடுத்து வைத்தார். "எம் பொண்ணுக்கு வேலைய விட இஷ்டமில்லீங்க. அவ இஷ்டத்த மீறி நான் செய்ய மாட்டேன். உங்க மேல எங்களுக்கு ஒரு கொறையும் இல்ல." குரல் இரண்டு இடத்தில் உடைந்தது. அவர் நிறுத்தவில்லை.

அந்தப் பக்கம் ரோஸ்மேரி ஒரு பெருமூச்சு விட்டார்.

"எனக்கு வருத்தந்தாங்க. பொண்ணு புடிச்சிருந்துது. ஆனா எம் புள்ள கிட்ட நானே சொன்னேன், காலம் மாறிப்போச்சுடான்னு. கேக்கல..." என்றவர் அதே மூச்சில் கேட்டார்: "பூத்து முடிஞ்சா ஒரு கிள குடுப்பீங்க இல்ல?"

கொடுத்தார். பூ ஓய்ந்ததும் வெட்டி, வேர் பிடிக்கவைத்து, அவரே பஸ்ஸில் கண்டமங்கலம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். சம்பந்தம் அமையவில்லை, சிநேகம் அமைந்துவிட்டது. ரோஸ்மேரி போன் செய்தால் ஜல்தியில் வைப்பதில்லையாம். இலை நுனி ஏன் சுருளுது, மொட்டு ஏன் லேட்டு... இவரும் பொறுமையாகப் பதில் சொல்கிறாராம்.

நான்சிக்கு? பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வேலைக்குப் போகும் பெண் என்பதை முதல் வரியிலேயே சொல்லிவிடுகிறார்கள்.

ஞானசேகர் இப்போது வாராவாரம் பாண்டிச்சேரிக்குக் குரல் பயிற்சிக்குப் போகிறார். பள்ளிக்கும் திரும்பிவிட்டார். பழைய இடி முழக்கம் வரவில்லை. வராது என்றே டாக்டர் சொல்லிவிட்டார். முதல் நாள் சில பிள்ளைகள் சிரித்தார்களாம். "சிரிச்சி முடிச்சிட்டீங்களா? ரெண்டு ரவுண்டு ஓடுங்க" என்றாராம். ஓடினார்களாம். தூரத்தில் இருப்பவர்களைக் கூப்பிடாமல் இவரே பக்கத்தில் நடந்துபோய்ச் சொல்வதால், இப்போதுதான் பிள்ளைகளின் பெயரெல்லாம் தெரிகிறது என்று என்னிடம் சொன்னார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேனா... நேற்று எஸ்தர் போன்.

"அக்கா, தெனமும் சாம்பார்ல உப்பு கம்மி, ரசத்துல புளி ஜாஸ்தின்னு ஒரே பேச்சு! இவர இன்னா செய்யறது?"

குரல் திரும்பினால் குறை மட்டும் வராமல் இருக்குமா, என்ன?